ஒட்டுப்பலகைக் கிட்டார்

– எடுத்துப் பெட்டிக்குள்ள வை அதை. இன்னிக்குச் சாயங்காலம் மேடைக்கு அது வராது.

– அக்கா, நீ இன்னும் ஒரு பாட்டுகூட முழுசா கேக்கலை.

– கேட்ட வரைக்கும் போதும்டா. கம்பளியப் போத்திக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு.

– கம்பளியா? இதுவா? மாமா, நீங்க சொல்லுங்க. டிரம்ஸை அப்புறம் துடைச்சுக்கலாம்.

– என்னை ஏன் மாப்ள இழுக்குற? நான் தட்டுறவன். கம்பி விஷயத்துல நான் வாயைத் தொறந்தா உங்க அக்கா என் வாயிலயே தட்டுவா.

– பரவால்ல, சொல்லுங்க.

– பாக்க அம்சமா இருக்கு. நெஞ்சை நிமித்திக்கிட்டு நிக்குற மாதிரி மேல் பலகை நல்லா உப்பி, ரெண்டு பக்கமும் வயலின்ல இருக்குற மாதிரி நெளிஞ்ச ஓட்டை, மேல ஒரு பளபளப்பு. கல்யாணத்தப்ப நான் இருந்த மாதிரியே இருக்கு.

– கல்யாணத்தப்ப உங்களுக்கு நிமித்துறதுக்கு நெஞ்சே இல்லைங்க. சட்டைதான் இருந்துச்சு.

– பாத்தியா மாப்ள. எப்பவாச்சும் என்னைப் பத்தி ஒரு வார்த்தை வருது, அதுவும் இந்த மாதிரி.

– விளையாடாதீங்க ரெண்டு பேரும். அக்கா, இது ஒட்டுப்பலகைன்னுதானே உனக்கு இளப்பம்?

– இளப்பம் என்னடா இளப்பம்? உள்ளதைச் சொல்றேன். என்னுது முழு மரம். ஒரு மனுஷன் உக்காந்து குடைஞ்சு குடைஞ்சு செதுக்கினது. இது ஃபேக்டரியில பலகையை ஒட்டி, அழுத்தி வளைச்சது. கிண்ணம் பண்ற மாதிரி பண்ணியிருப்பான்.

– சரி, கிண்ணம்னே வெச்சுக்கோ. உன் கிட்டாருக்குக் குடுத்ததுல இந்தக் கிண்ணம் ஒரு டஜன் வாங்கலாம். லிஃப்ட் மெக்கானிக்கு வேற எந்த ஜாஸ் கிட்டார் கட்டுப்படியாகும்? ஆனா அதுக்காக மட்டும் வாங்கலை, சத்தியமா. கடையில சும்மா எடுத்து ஆறு கம்பியையும் சேத்து ஒரு கார்ட் வாசிச்சேன். கடைக்காரரு பேசிக்கிட்டே இருந்தவரு பேச்சை நிறுத்திட்டாரு.

– விக்கிறவன் எதுக்கு வேணா பேச்சை நிறுத்துவான்.

– நீ இப்படிச் சொல்லுவன்னு தெரிஞ்சுதான் வாசிக்கிறவங்க அத்தனை பேர் கையிலயும் குடுத்துக் கேட்டுட்டேன். ஒருத்தர் சொன்ன மாதிரி இன்னொருத்தர் சொல்லலை.

– யாரு யாருகிட்ட போய் நின்ன?

– முதல்ல கப்பல்காரர். பாதி ஆயுசு கப்பல்ல வாசிச்சவரு இல்ல? கையில வாங்கின உடனே முதுகைத்தான் தட்டிப் பாத்தாரு. ‘உப்புக்காத்துல என் நல்ல கிட்டார் ரெண்டு பொளந்துபோச்சு தம்பி, பிள்ளைங்களைப் பறிகொடுத்த மாதிரி அழுதேன். இது ஒட்டுப்பலகை, பொளக்காது. இதைத் தோள்ல மாட்டிக்கிட்டு உலகத்தையே சுத்தலாம்’னாரு.

– அவர் வாசிச்சதை எங்க கேட்டாங்க? எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க.

– அடுத்தது ஸ்கூல் பாட்டு வாத்தியார், குட்டையா இருப்பாரே. ‘கழுத்து ரொம்பத் தடி, என் கைக்கு அடங்கலை, வேண்டாம் எடுத்துட்டுப் போ’ன்னாரு. சொல்லிக்கிட்டே வாசிக்கிறாரு, வாசிக்கிறாரு, திருப்பியே குடுக்கலை. கடைசில அவங்க வீட்டம்மா வந்து வாங்கிக் குடுத்தாங்க.

– பிடிக்கலைன்னு சொல்லிக்கிட்டே விடாம இருக்குறதுக்கு நம்ம வீட்டுலயும் உதாரணம் இருக்கு மாப்ள. ஏம்மா, முறைக்காத. நான் கிட்டாரைச் சொன்னேன்.

– அப்புறம் பல் டாக்டர். ஞாயித்துக்கிழமை மட்டும் வாசிப்பாரே, அவரு. ‘எல்லாம் பிரமாதம், மேல ரெண்டு மெல்லிசுக் கம்பி மட்டும் பளிச்சுனு அடிக்குது, பல்லு கூசுற மாதிரி’ன்னாரு.

– பளிச்சுன்னா?

– ஆமாக்கா.

– இதுவா?

– இதேதான். கொஞ்சம் டோனைக் குறைச்சு வெச்சு வாசின்னாரு.

– ...அந்தாளுக்குப் பல்லைத் தவிர என்ன தெரியும். விடு.

– மாப்ள, கெட்டில் கத்துது, போய் அணைச்சுட்டு வரேன். இந்த வீட்டுல கெட்டில் எனக்கு மட்டும்தான் கத்தும்.

– அணைச்சுட்டு அப்படியே டீ போட்டு எடுத்துட்டு வாங்க. டேய், நான் சொல்றதைக் கேளு. பிடிவாதம் பிடிக்காத. இன்னிக்கு நீ முதல் தடவை எங்களோட மேடை ஏறுற. ஹால் முழுக்க ஆளு இருக்கும். என் கிட்டாரை எடுத்துட்டுப் போ.

– உன்னுதையா? நான் சின்னப் பையனா இருக்கும்போது அதோட பெட்டியத் தொட்டதுக்கே என் முதுகுல ஒண்ணு வெச்ச.

– இப்ப நானே குடுக்குறேன். எடுத்துக்கோ.

– அப்ப நீ எதை வாசிப்ப? ரெண்டு கிட்டார்னுதானே பேச்சு?

– அதை நான் பாத்துக்குறேன்.

– எப்படிப் பாத்துக்குவ? இந்தக் கிண்ணத்தையா வாசிப்ப?

– டேய், சொன்னதைச் செய்யேன். எல்லாத்துக்கும் ஒரு கேள்வி.

– மாட்டேன். நான் இதைத்தான் வாசிக்கப் போறேன். என் சம்பாத்தியத்துல நானா தேடிப் பிடிச்சது. இதுல வாசிக்கும்போதுதான் நான் உன் நிழல் இல்லைன்னு எனக்கே தோணுது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு சொல்லு. நீ சொல்லிட்டா உலகமே வேண்டாம்னு சொன்னாலும் எனக்குக் கவலை இல்லை.

– ...குடு இங்க. பாக்குறேன்.

– இந்தா. மெதுவா.

– எனக்குச் சொல்லித் தராதடா. ம்... கழுத்து நேரா இருக்கு. கழுத்துல பதிச்ச ஃப்ரெட் பட்டை ஓரம் எல்லாம் நல்லா தேச்சிருக்கான், விரலைக் கிழிக்கலை. பொருத்தின இடத்துல ஒரு முடிகூட நுழையாது. இந்த விளிம்புல வெள்ளைக் கோடு ஓடவிட்டிருக்கான் பாரு, எங்கயும் அலையலை. கனமும் இல்லை, மடியில பூனை மாதிரி உக்காருது. வேலைக்காரன்டா இதைப் பண்ணினவன். குறை சொன்னா பாவம் வந்து சேரும்.

– மாமா! மாமா, சீக்கிரம் வாங்க! அக்கா பாராட்டுறா!

– டீயைக் கீழ வெச்சுட்டு வரேன்டா, கொட்டிடப் போறேன். என்ன சொன்னா? மறுபடி சொல்லச் சொல்லு. நான் தட்டுறதைப் பத்தி ஏதாவது சொன்னாளா?

– குதிக்காதீங்க. கைவேலையைத்தான் சொன்னேன். சத்தம் வேற.

– ஒரு அதிசயம் கவனிச்சீங்களா மாமா? வந்ததுலேருந்து கம்பளிங்கிறா, கிண்ணங்கிறா, ஒரு தடவைகூட ‘காது கூசுது’ன்னு சொல்லலை. அதுவே எனக்குப் பாதி வெற்றி. சின்ன வயசுல நான் ஒரு கம்பியை மயிரிழை தள்ளி முறுக்கினாப் போதும், அடுத்த ரூம்லேருந்து ‘காது கூசுதுடா’ன்னு கத்துவா. பக்கத்து வீட்டு கேட்டு கிறீச்சுன்னா அது என்ன ஸ்வரம்னு சொல்லுவா.

– என்கிட்ட அவ பேசின முதல் வார்த்தையே அதுதானே மாப்ள. நான் பாட்டுக்கு ஒத்திகை பாத்துக்கிட்டு இருக்கேன். அத்தனை பேர் நடுவுல எழுந்து வந்து, ‘உங்க சிம்பல் தட்டுல எங்கயோ கீறல் விட்டிருக்கு, காது கூசுது’ன்னா. எனக்கு ஒண்ணும் தெரியலை. திருப்பிப் பாத்தா நகக்கண் அளவு கீறல். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், ஆயுசு பூரா திட்டு வாங்குறதா இருந்தா இந்த வாயாலதான் வாங்கணும்னு.

– போதும் போங்க. டேய், இங்க பாரு. கம்பியைத் தாங்குற பிரிட்ஜ் தள்ளியிருக்கே. பலகையில பழைய தடம் ஒரு இடத்துல இருக்கு, பிரிட்ஜ் ஒரு இடத்துல நிக்குது. யாரு ஆறு கம்பியையும் ஒரேயடியா கழட்டினது?

– நான்தான். சாயங்காலத்துக்குப் புதுக்கம்பி போடலாம்னு காலையில...

– ஐயோ, கடவுளே. இந்த மாதிரி கிட்டார்ல பிரிட்ஜை ஒட்டியிருக்க மாட்டாங்கடா! கம்பி மேலேருந்து அழுத்துறதாலதான் அது நிக்குது. ஒரு கம்பியை எடு, ஒரு கம்பியைப் போடு, அப்புறம் அடுத்தது. ஒரேயடியா அவுத்தா அது பாட்டுக்கு நகந்து போயிடும்.

– என்னை மாதிரி மாப்ள. மேல ஆளு அழுத்துற வரைக்கும்தான் நான் ஒரு இடத்துல நிப்பேன்.

– அதானா! காலையிலேருந்து மேல வாசிச்சா என்னமோ இடிக்குதேன்னு நானும் மண்டையை உடைச்சுக்குறேன். விரல்தான் தப்பா வைக்கிறேனோன்னு நினைச்சேன்.

– விரல் சரியாத்தான் இருக்கு. உன் விரலை நான் பாத்தேன், நல்லா இருக்கு. குடு, இதை நான் சரி பண்றேன். கம்பியைக் கொஞ்சம் தளத்தி, தடம் இருக்குற பக்கமா இப்படி... ஆங். அந்த மேஜை டிராயர்ல ட்யூனர் இருக்கும், எடு.

– ட்யூனரா? நீயா?

– ஏன், நான் தொட்டா ஷாக் அடிக்குமா?

– மிஷினைப் பாத்து சுருதி சேத்ததுக்கு என்னை எவ்ளோ ஓட்டியிருப்ப! ‘கடிகாரத்தைப் பாத்தாதான் உனக்குப் பசிக்குமாடா’ன்னு கேட்ப.

– நேரமாச்சுன்னு கேக்குறேன். குடுடா.

– நேரமாச்சு மாப்ள, எடுத்துக் குடு. ஹாலுக்குப் போய் டிரம்ஸை வேற இறக்கணும்.

– இந்தா.

– ம். ஆறு. அஞ்சு. நாலு. மூணு... ரெண்டு... ஒண்ணு. விரல் வைக்காம வாசிச்சா எல்லாக் கம்பிக்கும் பச்சை விளக்கு எரியுது. பாரு, எதிர் மாடித் தையல்காரம்மா மிஷினை நிறுத்திட்டு இங்கயே பாக்குறாங்க. உனக்கு ஒரு ரசிகை கிடைச்சாச்சு. இப்ப நீ வாங்கி, பன்னெண்டாம் ஃப்ரெட்ல ஒவ்வொரு கம்பியா அழுத்தி வாசி. பிரிட்ஜ் சரியான இடத்துல நிக்குதான்னு அங்கதான் தெரியும். தடிக் கம்பியிலேருந்து வா.

– ஆறு.

– கொஞ்சம் தள்ளிருக்கு. பிரிட்ஜோட இந்த முனையை ஒரு நூல் பின்னால... இப்ப?

– இப்ப.

– சேந்துடுச்சு. அடுத்தது. ம். அதுவும் சரி. அடுத்தது... சரி. மேல வா. ம். ம். கடைசிக் கம்பி... ம், அதுவும் சேந்துடுச்சு.

– அக்கா.

– என்ன?

– கடைசிக் கம்பியை மறுபடி வாசிக்கிறேன், கேளு.

– கேட்டேன்டா. சேந்துடுச்சு.

– இல்ல, இன்னொரு தடவை கேளு.

– நல்லாத்தான் இருக்கு. எத்தனை தடவை சொல்றது?

– மாப்ள, டீ ஆறுது. முதல்ல டீயைக் குடி.

– மாமா, சும்மா இருங்க. ஏன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்புறீங்க? தட்டுறவரு நீங்க, உங்களுக்கே மூஞ்சி சுளிக்குது. அக்கா, இது ஒரு காத தூரம் விலகி நிக்குது. தெருவுல போறவன்கூட சொல்லிடுவான். காலையிலேருந்தே விலகித்தான் இருந்துச்சு. முதல் கார்ட் வாசிச்சப்பவே நீ கத்தியிருக்கணும்.

– ட்யூனரை எடுத்து உள்ள வை. நேரமாச்சு.

– நீ கத்தவே இல்லை. கம்பளின்னுதான் சொன்ன.

– எனக்குத் தலைவலி, அதான்.

– அக்கா, என்னைப் பாத்துச் சொல்லு.

– சொல்லிடும்மா. எத்தனை நாள்தான் நானும் டீ போட்டுக்கிட்டே இருக்குறது?

– ...முதல்ல கொசு போச்சுடா.

– என்னது?

– கொசு சத்தம். ஒரு நாள் காதுகிட்ட கொசு பறக்குறதைக் கண்ணால பாக்குறேன், சத்தம் இல்லை. சந்தோஷப்பட்டேன். பைத்தியக்காரி மாதிரி சந்தோஷப்பட்டேன், நிம்மதியா தூங்கலாம்னு. அப்புறம் கெட்டில் போச்சு. அப்புறம் வாசல் மணி. அப்புறம் இவரோட சிம்பல்.

– சிம்பல் போனதுல மட்டும் வருத்தமே இல்லைன்னுட்டா மாப்ள.

– மாமா, உங்களுக்குத் தெரியுமா இது?

– தெரியாம? மேடையில அவ என் காலைப் பாத்துத்தான் வாசிக்கிறா. அவளுக்குத் தெரியணும்னு பெடலை மிதிக்குறப்ப முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறேன். பேஸ் வாசிக்கிறவரு ‘மூட்டு வலியா சார்’னு கேட்டாரு. ஆமான்னுட்டேன். ஒரு டப்பா தைலம் வாங்கிக் குடுத்தாரு, பாவம். நான் சொல்றது எதையும் இவ கேக்க மாட்டான்னு ஊரெல்லாம் வேடிக்கையா சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். இப்ப அதைச் சொல்றப்பல்லாம் எனக்கு நெஞ்சு வலிக்குது.

– டாக்டர்கிட்ட காட்டலையா?

– காட்டாம இருப்பேனா? உள்ள நரம்பு நல்லாத்தான் இருக்காம். வெளியேருந்து வர்ற சத்தம் அது வரைக்கும் போய்ச் சேரலையாம். வழியிலதான் தகராறு. ஆபரேஷன் பண்ணலாம், பலிச்சா பலிக்கும்ங்கிறாரு. தடிக் கம்பி ஓரளவு வருது. மேல போகப் போக எல்லாமே கம்பளிதான்டா. உன்னுது மட்டும் இல்லை. என்னுதும் கம்பளிதான்.

– அப்ப இன்னிக்கு ரெண்டு கிட்டார்னு சொன்னது...

– ரெண்டு இல்லை. ஒண்ணுதான். நீதான். நான் வரப்போறதில்லை. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை. சும்மா என் கிட்டாரைத் தூக்கிக் குடுத்தா ஏன் எதுக்குன்னு குடைவ. உன்னுது நல்லா இல்லைன்னு சொன்னா, திட்டிக்கிட்டாவது என்னுதை எடுத்துட்டுப் போவன்னு நினைச்சேன். உன் சாமானைப் பழிச்சதுக்கு மன்னிச்சுக்கோ. அது எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியவே தெரியாதுடா. ஊர்ல எல்லாரும் கேட்டுட்டாங்க, நான் ஒருத்திதான் இன்னும் கேக்கலை.

– அக்கா, எழுந்திரு.

– எதுக்கு?

– எழுந்து இப்படி என் பக்கத்துல வந்து உக்காரு. எங்க வேலையில லிஃப்ட் மோட்டாருக்குள்ள பேரிங் தேஞ்சா வெளிய ஒண்ணும் கேக்காது. நீளமான ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ஒரு முனையை மோட்டார்ல வெச்சு, மறு முனையைத் தாடை எலும்புல வெச்சுக்குவோம். உள்ள மணல் அரைபடுற மாதிரி துல்லியமா கேக்கும். காது வழியா வரலைன்னா எலும்பு வழியா வரட்டுமே.

– கிட்டாரைப் போய் மோட்டார்ங்கிற.

– கிண்ணம்னு சொன்னதுக்கு இது பரவால்ல. வா. மேல் ஓரத்துல, கழுத்து வந்து சேருதே அந்த இடத்துல, தாடையை வை. நல்லா அழுத்தி வை. ஒட்டுப்பலகை பொளக்காது, கப்பல்காரரே சொல்லிட்டாரு.

– உன் தோள் இடிக்குதுடா. சின்ன வயசுல ஜன்னல்ல எட்டிப் பாக்குறப்ப இடிப்பியே, அதே மாதிரி.

– தள்ளிக்கிட்டேன். வெச்சாச்சா?

– ம்.

– பாதியில விட்டேனே, அந்தப் பாட்டையே வாசிக்கிறேன். மெதுவா.

– ...

– கேக்குதா?

– பேசாதடா. வாசி.

– மாமா, அவளுக்குக் கேக்குதான்னு பாருங்க.

– நிறுத்தாத மாப்ள. அவ அழுறா. நீ பாட்டுக்கு வாசி, நிறுத்தாத.

– அக்கா? இன்னும் கம்பளியா?

– இல்லடா... இல்ல. கண்ணாடி மாதிரி இருக்கு. உடம்பு பூரா வருது. டேய், பல் டாக்டர் சொன்னது சரிதான்டா, பல்லுக்குள்ளயே வந்து நிக்குது. இதுக்குன்னு ஒரு குரல் இருக்கு. யாரையும் காப்பி அடிக்காத குரல். நல்ல கிட்டார்டா. ரொம்ப ரொம்ப நல்ல கிட்டார்.

– மாமா, ஹாலுக்கு ஃபோன் போட்டு ரெண்டு நாற்காலி போடச் சொல்லுங்க. ஒட்டி ஒட்டிப் போடச் சொல்லுங்க. அக்கா, நீ உன்னுதை எடுத்துக்கோ, அதுமேல தாடையை வெச்சுக்கிட்டு எப்படி வேணா குனிஞ்சு வாசி, பாக்குறவன் பாக்கட்டும். நான் இதைத்தான் வாசிப்பேன். இப்ப சொல்லு, இது மேடைக்கு வரலாமா?

– முதல்ல அந்தக் கடைசிக் கம்பியைச் சரி பண்ணித் தொலை. காது கூசுது.